ஒரு 'சி', பல ஓசை

பிரிக்பீல்ட்ஸ் உணவுக்கடைக்கு வரும் வெளிநாட்டுப் பயணி, பலகையைப் பார்த்து 'ரொட்டி கனாய்' என்று கேட்பதுண்டு. கடைக்காரர் திருத்துவதில்லை. "சானாய் ஒன்னு!" என்று உள்ளே குரல் கொடுத்துவிட்டு அடுத்த மேசைக்குப் போய்விடுவார். பயணி படித்தது ஆங்கில 'சி'; எழுதியிருப்பது மலாய் 'சி'. மலாயில் அது 'பச்சை'யில் வரும் அழுத்தமான சகரம்.

இதனால்தான் பக்கத்திலிருக்கும் கேஎல் சென்ட்ரல் நிலையத்தின் பெயரை 'எஸ்' போட்டு எழுதுகிறார்கள். 2001இல் திறந்த அந்த நிலையத்துக்கு ஆங்கிலத்தைப்போல 'சி' போட்டிருந்தால் மலாய்ப் பிள்ளைகள் 'ச்செந்த்ரல்' என்றல்லவா வாசிப்பார்கள்! கொஞ்சம் தள்ளி, கந்தசுவாமி கோவில் இருக்கும் ஸ்காட் சாலையில் அதே எழுத்து 'க்'. அந்தக் கோவிலை எழுப்பியவர்களைக் குறித்த 'சிலோன்' என்ற சொல்லில் 'ஸ'.

மலாய் 'சி'க்கு வயது அதிகமில்லை. ஆங்கிலேயர் ஆண்ட மலாயாவில் இந்த ஓசைக்கு 'சி', 'எச்' என இரண்டெழுத்து. டச்சுக்காரர் ஆண்ட இந்தோனேசியாவில் 'டி', 'ஜே'. கிட்டத்தட்ட ஒரே மொழி, எசமானருக்கேற்ப இரண்டு எழுத்துக்கூட்டல். 1972 ஆகஸ்ட் 16 அன்று இரு நாடுகளும் சேர்ந்து வெறும் 'சி'க்கு மாறின. நல்ல சிக்கனம்.

ஸ்பானிய மொழியில் குழப்பம் வேறு மாதிரி. 'பார்சலோனா'வின் நடு எழுத்தை மெக்சிகோக்காரர் 'ஸ' என்பார். மாட்ரிட்காரர் நாக்குநுனியைப் பல்லிடையில் நீட்டி, கிட்டத்தட்ட 'த' என்பார். அந்த நகரத்துக்குச் சொந்தமான கட்டலான் மொழியிலோ 'ஸ'தான். மாமாக் கடையில் நள்ளிரவுப் பந்தாட்டம் பார்க்கிறவர்கள் தம்மையறியாமல் கட்டலான் பக்கம் நிற்கிறார்கள்.

தமிழர் இதற்கெல்லாம் சிரிக்க முடியாது. சட்டை, பச்சை, மஞ்சள்: நம் 'ச'வும் மூன்று குரலில் பேசுகிறது. தமிழ், மலாய், ஆங்கிலம் மூன்றையும் ஒரே நாளில் படிக்கும் தமிழ்ப்பள்ளிப் பிள்ளைகள் அலட்டிக்கொள்ளாமல் மாற்றிமாற்றி வாசிக்கிறார்கள். திணறுவது வெளியூர்ப் பெரியவர்கள்தான்.

1972இன் மலாய் எழுத்துச் சீர்திருத்தம் எல்லாவற்றையும் தொட்டுவிடவில்லை. செராஸும் பூச்சோங்கும் இன்றும் பலகைகளில் பழைய 'எச்'சோடுதான் இருக்கின்றன. ஆட்பெயர்களும் தப்பித்துக்கொண்டன. கிள்ளான் லெட்சுமிகள் பலரின் ஐசியில், வெள்ளைக்காரன் காலத்து வழக்கப்படி, 'டி', 'சி', 'எச்' மூன்றும் வரிசையாக நிற்கின்றன.