ஒரே ஒரு ஓட்டு - செஞ்சியும் 1999 ஏப்ரல் 17-ம்

செஞ்சி என்றதும் எல்லோருக்கும் கோட்டைதான் ஞாபகத்துக்கு வரும். ராஜகிரி, கிருஷ்ணகிரி, சந்திரகிரி என்று மூன்று மலை, கல்யாண மகால், தேசிங்கு ராஜா, அவன் குதிரை. 2025-ல் யுனெஸ்கோ பட்டியலில் மராத்தியர் கோட்டைகளோடு சேர்த்து செஞ்சிக்கும் இடம் கிடைத்தபோது பேப்பரில் வந்ததும் இந்தக் கதைகள்தான். மராத்திய மன்னர் ராஜாராம் உள்ளே இருக்க, வெளியே முகலாயப் படை 1690-லிருந்து 1698 வரை முற்றுகை போட்டது. எட்டு வருஷம்!

ஆனால் செஞ்சிக்கு இன்னொரு முற்றுகையிலும் பங்கு உண்டு. அது நடந்த இடம் டில்லி. எட்டு வருஷம் இல்லை, மூன்றே நாள். அதில் விழுந்தது கோட்டை இல்லை, ஒரு மத்திய அரசு. வித்தியாசம் ஒரே ஒரு ஓட்டு.

அப்போது செஞ்சி சட்டமன்றத் தொகுதி, திண்டிவனம் மக்களவைத் தொகுதிக்குள் இருந்தது. 1998 பிப்ரவரி தேர்தலில் அங்கே ஜெயித்தவர் ம.தி.மு.க.வின் செஞ்சி ராமச்சந்திரன். ஊர்ப் பெயரையே முன்னால் வைத்துக்கொண்டு அறியப்பட்டவர். தி.மு.க.வில் இருந்த காலத்தில் செஞ்சியின் எம்.எல்.ஏ.வாகவும் இருந்தவர். அந்தத் தேர்தலில் அ.தி.மு.க., பா.ஜ.க., பா.ம.க., ம.தி.மு.க. எல்லாம் ஒரே அணி. எதிரணியில் தி.மு.க., த.மா.கா., இந்திய கம்யூனிஸ்ட்.

முடிவு வந்தபோது தமிழ்நாட்டின் 39 தொகுதிக் கணக்கு இப்படி இருந்தது. அ.தி.மு.க. 18, பா.ம.க. 4, பா.ஜ.க. 3, ம.தி.மு.க. 3, சுப்பிரமணியன் சுவாமியின் ஜனதா கட்சி 1, வாழப்பாடி ராமமூர்த்தியின் கட்சி 1. ஆக 30. எதிர்ப்பக்கம் தி.மு.க. 5, த.மா.கா. 3, கம்யூனிஸ்ட் 1. மொத்தம் 9.

இந்த முப்பது பேரை நம்பித்தான் வாஜ்பாய் 1998 மார்ச் 19-ல் பிரதமராகப் பதவியேற்றார். அந்த மாதக் கடைசியில் நம்பிக்கை ஓட்டும் வாங்கினார். 274-க்கு 261. பதிமூன்று ஓட்டு வித்தியாசம். பதினெட்டு பேரைக் கையில் வைத்திருக்கும் ஒரு கட்சி மனசு மாறினால் என்ன ஆகும் என்று கூட்டிக் கழித்துப் பார்க்கக் கால்குலேட்டர் தேவையில்லை :-)

மனசு மாறத்தான் செய்தது. அ.தி.மு.க.வுக்கும் பா.ஜ.க.வுக்கும் நடுவே ஆரம்பத்திலிருந்தே இழுபறி. தமிழகத்தின் தி.மு.க. ஆட்சியைக் கலைக்க வேண்டும் என்பது ஒரு கோரிக்கை. பதவி நீக்கம் செய்யப்பட்ட கடற்படைத் தளபதி விஷ்ணு பகவத் விவகாரம் இன்னொன்று. 1999 மார்ச் கடைசியில் டில்லியில் சுப்பிரமணியன் சுவாமி கொடுத்த டீ பார்ட்டியில் சோனியா காந்தியும் ஜெயலலிதாவும் சந்தித்தார்கள். ஏப்ரல் 14, தமிழ்ப் புத்தாண்டு நாள். அன்றைக்குக் குடியரசுத் தலைவர் கே.ஆர்.நாராயணனிடம் ஆதரவு வாபஸ் கடிதம் போய்ச் சேர்ந்தது. பெரும்பான்மையை நிரூபியுங்கள் என்று அவர் பிரதமரிடம் சொல்ல, 15-ம் தேதி வாஜ்பாய் மக்களவையில் நம்பிக்கைத் தீர்மானத்தைக் கொண்டுவந்தார். விவாதம் நீண்டு, 17-ம் தேதி சனிக்கிழமை ஓட்டெடுப்பு.

இங்கேதான் செஞ்சி வாக்காளரின் நிலைமையைக் கொஞ்சம் யோசித்துப் பார்க்க வேண்டும். பதினாலு மாசத்துக்கு முன்னால் இரட்டை இலைக் கொடி, தாமரைக் கொடி, மாம்பழக் கொடி எல்லாம் ஒரே ஜீப்பில் கட்டி வந்து ஓட்டுக் கேட்டார்கள். அதை நம்பி ஒருவர் ஓட்டுப் போட்டிருந்தால், இப்போது அவர் ஓட்டு எந்தப் பக்கம்? அ.தி.மு.க. அரசைக் கவிழ்க்கப் போகிறது. அவர் அனுப்பிய ம.தி.மு.க. எம்.பி. அரசைக் காப்பாற்றக் கை தூக்கப் போகிறார். அதைவிட வேடிக்கை, போன தேர்தலில் எதிரணியில் நின்ற தி.மு.க.வும் வாஜ்பாய் பக்கம் வந்துவிட்டது. தி.மு.க.வின் தோழமைக் கட்சியாக நின்ற த.மா.கா.வோ எதிர்த்து ஓட்டுப் போடுகிறது. தமிழ்நாட்டின் இரண்டு அணிகளும் இரண்டாகப் பிளந்து, குறுக்கே மாறி உட்கார்ந்த நாள் அது. வாக்காளரிடம் ஒரு வார்த்தை யாரும் கேட்கவில்லை. கேட்கவேண்டிய கட்டாயமும் சட்டத்தில் இல்லை.

சரி, அன்றைக்குச் சபையில் என்ன நடந்தது?

சபாநாயகர் நாற்காலியில் ஜி.எம்.சி.பாலயோகி. ஆந்திராவின் அமலாபுரம் தொகுதிக்காரர், தெலுங்கு தேசம் கட்சி. காலையிலிருந்தே ஒருவரைப் பற்றித்தான் சண்டை. அவர் பெயர் கிரிதர் கமாங். ஒரிசாவின் கோராபுட் தொகுதி காங்கிரஸ் எம்.பி. ஆனால் பிப்ரவரி 17-ம் தேதியே அவர் ஒரிசா முதலமைச்சராகிவிட்டார். எம்.எல்.ஏ. அல்லாதவர் ஆறு மாதம் வரை அமைச்சராக இருக்கலாம் என்று அரசியல் சட்டம் இடம் தருகிறது. அந்த இடைவெளியில் அவர் எம்.பி. பதவியை ராஜினாமா செய்யாமல் வைத்திருந்தார். ஒரு மாநில முதல்வர் டில்லிக்கு வந்து மத்திய அரசைக் கவிழ்க்க ஓட்டுப் போடலாமா? சட்டப்படி தடை இல்லை. முறையா என்பதுதான் கேள்வி. கடைசியில் சபாநாயகர் அதை கமாங்கின் மனசாட்சிக்கே விட்டுவிட்டார். மனசாட்சி காங்கிரஸ் கொறடா சொன்னதையே சொன்னது.

அடுத்தது பகுஜன் சமாஜ் கட்சியின் ஐந்து பேர். அவர்கள் ஓட்டெடுப்பில் கலந்துகொள்ள மாட்டார்கள் என்று அரசுத் தரப்பு நம்பிக்கொண்டிருந்தது. மாயாவதி சபையில் எழுந்து எதிர்த்து ஓட்டுப் போடுவோம் என்றார். மூன்றாவது, காஷ்மீரின் பாரமுல்லா எம்.பி. சைபுதீன் சோஸ். அவருடைய தேசிய மாநாட்டுக் கட்சி அரசுக்கு ஆதரவு. அவர் கட்சி உத்தரவை மீறி எதிர்த்து ஓட்டுப் போட்டார். கட்சி அவரை நீக்கியது.

பெல் அடித்தது, கதவுகள் மூடப்பட்டன, பொத்தான்கள் அழுத்தப்பட்டன. ஆதரவு 269, எதிர்ப்பு 270. பதிமூன்று மாத அரசு முடிந்தது.

அன்றைக்கு ஆரம்பித்த ஒரு விவாதம் இன்றுவரை ஓயவில்லை. அந்த ஒரு ஓட்டு யாருடையது? கமாங் என்பார்கள் சிலர். சோஸ் என்பார்கள் சிலர். ஒவ்வொன்றாகக் கணக்குப் போட்டுப் பார்க்கலாம்.

கமாங் வராமலே இருந்திருந்தால் 269-க்கு 269. சமம். அரசியல் சட்டத்தின் 100-வது பிரிவுப்படி சபாநாயகர் சாதாரணமாக ஓட்டுப் போடமாட்டார். சமமாக வந்தால் மட்டும் அவர் ஓட்டுப் போட்டு முடிவு செய்ய வேண்டும். ஆக, வாஜ்பாய் அரசின் தலையெழுத்து பாலயோகியின் கைக்கு வந்திருக்கும். சோஸ் கட்சி சொன்னபடி ஓட்டுப் போட்டிருந்தால் 270-க்கு 269. அரசு தப்பித்திருக்கும். ஒருவர் வராமல் போனால் கணக்கில் மாறுவது ஒன்று. பக்கம் மாறினால் மாறுவது இரண்டு. மாயாவதியின் ஐந்து பேர் சும்மா இருந்திருந்தால் 269-க்கு 265. அ.தி.மு.க.வின் பதினெட்டு பேர் மாறாமல் இருந்திருந்தால் இந்த ஓட்டெடுப்பே நடந்திருக்காது.

அதனால் கவிழ்த்தது யார் என்று ஒரே ஆளைக் காட்டுவது கணக்குப்படி தப்பு. எதிர்த்த 270 பேரில் ஒவ்வொருவரும் அந்த ஒரு ஓட்டுதான். ஆதரித்த 269 பேரும் சும்மா இல்லை. திண்டிவனம் எம்.பி. அன்றைக்கு ஜுரம் என்று படுத்திருந்தால், சரித்திரத்தில் அது இரண்டு ஓட்டு வித்தியாசம் என்று எழுதப்பட்டிருக்கும், அவ்வளவுதான். ஆனால் அந்த 'அவ்வளவுதான்' முன்கூட்டி யாருக்கும் தெரியாது. தெரியாமல் இருப்பதால்தான் ஒவ்வொரு ஓட்டுக்கும் மதிப்பு.

மனசாட்சி என்ற சொல்லைப் பற்றியும் சொல்ல வேண்டும். 1985-ல் வந்த கட்சித் தாவல் தடைச் சட்டப்படி, கொறடா உத்தரவை மீறி ஓட்டுப் போட்டால் எம்.பி. பதவியே போகலாம். பணத்துக்கும் பதவிக்கும் கட்சி மாறுவதைத் தடுக்க வந்த சட்டம். நல்ல நோக்கம், மறுப்பதற்கில்லை. ஆனால் அதன் விளைவு என்ன? மூன்று நாள் மணிக்கணக்காக நடந்த விவாதத்தைக் கேட்டு ஒருவர் மனம் மாறினாலும் அதன்படி ஓட்டுப் போட முடியாது. அப்படியென்றால் அந்தப் பேச்சு எல்லாம் யாருக்காக? எதிர் வரிசைக்காக இல்லை. தூர்தர்ஷனில் பார்த்துக்கொண்டிருந்த ஜனங்களுக்காக. ஊரில் இருக்கும் வாக்காளர்தான் அந்தச் சபையின் உண்மையான பார்வையாளர். ஆனால் அவர் கையில் பொத்தான் இல்லை. அவர் முறை வரத் தேர்தல் வரை காத்திருக்க வேண்டும்.

தேர்தல் சீக்கிரமே வந்தது. மாற்று அரசு அமைக்கத் தேவையான எண்ணிக்கை காங்கிரசுக்கும் கிடைக்கவில்லை. முலாயம் சிங் கைவிரித்துவிட்டார். ஏப்ரல் 26-ம் தேதி மக்களவை கலைக்கப்பட்டது. கவிழ்க்கப்பட்ட அரசே காபந்து அரசாக நீடித்தது. கார்கில் போரை நடத்தியதும் அந்தக் காபந்து அரசுதான். செப்டம்பர், அக்டோபரில் தேர்தல். 1996, 1998, 1999 என்று நாலு வருஷத்துக்குள் மூன்றாவது மக்களவைத் தேர்தல். விரலில் வைத்த மை அழிவதற்குள் அடுத்த மை! இந்த முறை ம.தி.மு.க., பா.ம.க., பா.ஜ.க. எல்லாம் தி.மு.க.வோடு. அ.தி.மு.க. காங்கிரசோடு. தி.மு.க. அணிக்கு 26, அ.தி.மு.க. அணிக்கு 13. திண்டிவனத்தில் மறுபடியும் செஞ்சி ராமச்சந்திரனே ஜெயித்து, மத்திய இணை அமைச்சரும் ஆனார். ஏப்ரல் 17-ல் எம்.பி. போட்ட ஓட்டுக்கு வாக்காளர் கொடுத்த ரசீது என்று வேண்டுமானால் இதை எடுத்துக்கொள்ளலாம். காலம் செய்யும் வேடிக்கையையும் பாருங்கள், காங்கிரசுக்காக ஒரிசாவிலிருந்து பறந்து வந்த கமாங் 2015-ல் பா.ஜ.க.விலேயே சேர்ந்தார். 2024-ல் திரும்பவும் காங்கிரசுக்கு வந்தார்.

எல்லோருக்கும் ஞாபகம் இருப்பது அந்த ஒரு ஓட்டு. பலருக்கும் ஞாபகம் இல்லாதது அதற்கு அடுத்த சில நாட்கள். அரசு விழுந்த பிறகு, சபை கலைவதற்கு முன்னால், அந்த வருஷத்து பட்ஜெட் விவாதமே இல்லாமல் நிறைவேற்றப்பட்டது. யார் நாற்காலியில் உட்காருவது என்பதற்கு மூன்று நாள் பேச்சு. நாடு முழுவதும் ஒரு வருஷத்துக்கு எந்தச் சாலைக்கு, எந்த ரயிலுக்கு, எந்த ஆஸ்பத்திரிக்கு எவ்வளவு பணம் என்பதற்குப் பேச்சே இல்லை. அரசு நடக்கப் பணம் வேண்டும், வேறு வழியில்லை என்பது உண்மைதான். ஆனாலும் எது தலைப்புச் செய்தி ஆனது, எது ஆகவில்லை என்பதைக் கவனிக்கத்தான் வேண்டும்.

செஞ்சி மாதிரி ஊர்களின் தலையெழுத்து பெரும்பாலும் அந்தத் தலைப்புச் செய்தி ஆகாத பக்கத்தில்தான் இருக்கிறது. திண்டிவனத்திலிருந்து செஞ்சி வழியாகத் திருவண்ணாமலைக்கு ரயில் பாதை போட 2006-07-ல் அனுமதி கிடைத்தது. அதற்குப் பிறகு எத்தனையோ பட்ஜெட் வந்து போய்விட்டது, செஞ்சியில் இன்னும் ரயில் நிற்கவில்லை. கார்த்திகை தீபத்துக்குத் திருவண்ணாமலை போகிற கூட்டம் செஞ்சியை பஸ்ஸில்தான் தாண்டிப் போகிறது. இதற்காக எந்த அரசும் ஒரு ஓட்டில் விழுந்ததில்லை. மானியக் கோரிக்கை, வெட்டுத் தீர்மானம், கேள்வி நேரம் என்று பாதி காலி நாற்காலிகளுக்கு முன்னால் நடக்கும் விஷயங்கள் இவை.

தொகுதி மறுசீரமைப்பில் திண்டிவனம் மக்களவைத் தொகுதியே காணாமல் போய்விட்டது. 2009 தேர்தலிலிருந்து செஞ்சி ஆரணி தொகுதியில் இருக்கிறது. எம்.பி.க்கள் மாறினார்கள், கட்சிகள் மாறின. தூர்தர்ஷன் காலம் போய், சபை நடவடிக்கை முழுவதையும் சன்சத் டிவியில், செல்போனிலேயே பார்க்கலாம் என்ற காலமும் வந்துவிட்டது.

அதனால் நண்பர்களே, அடுத்த முறை நம்பிக்கை ஓட்டெடுப்பு என்று டிவியில் அலறும்போது பாருங்கள், தப்பில்லை. கிரிக்கெட் கடைசி ஓவர் மாதிரி நன்றாகத்தான் இருக்கும். ஆனால் சாதாரண ஒரு செவ்வாய்க்கிழமை மதியம், ரயில்வே மானியக் கோரிக்கை நடக்கும்போதும் ஒரு பத்து நிமிஷம் பாருங்கள். உங்கள் ஊர் எம்.பி. நாற்காலியில் இருக்கிறாரா? எழுந்து என்ன கேட்கிறார்? அமைச்சர் என்ன பதில் சொல்கிறார்? தேர்தலில் ஓட்டுக் கேட்டு வரும்போது அவரிடம் கேட்பதற்கு அதைவிட நல்ல கேள்வி வேறு எங்கும் கிடைக்காது.