ஊதா நிறம் சொன்ன பொய்

சில ஆண்டுகளுக்கு முன், தில்லி அலுவலகத்தில் ஓர் அறிவியல் செய்தியை மொழிபெயர்த்தேன். கார்பன் நானோகுழாய்கள் பட்ட செல்களில் பாதி இறந்துவிட்டதாகச் சோதனை காட்டியது என்பது மூலம். பக்கத்தில் இடமில்லை. 'நானோகுழாய்கள் பாதி செல்களைக் கொன்றன' என்று சுருக்கினேன்.

இதழ் வந்த வாரமே புனேயிலிருந்து ஓர் ஆராய்ச்சி மாணவர் போன் செய்தார். தமிழர். "சோதனை காட்டியதுங்கிறதை ஏன் சார் விட்டுட்டீங்க? விஷயமே அதுலதானே இருக்கு?"

பிறகு அவரே விளக்கினார். எம்.டி.டி. என்ற சோதனை 1983 முதல் புழக்கத்தில் இருக்கிறது. மஞ்சள் நிற உப்பை உயிருள்ள செல்கள் ஊதா நிறப் படிகங்களாக மாற்றும். அந்தப் படிகங்களைக் கரைத்து, நிறத்தின் அடர்த்தியைக் கருவியில் அளப்பார்கள். ஊதா குறைந்தால் செல்கள் இறந்தன என்று கணக்கு.

நானோகுழாய்கள் இந்தக் கணக்கைக் குழப்பிவிடுகின்றன. படிகங்கள் குழாய்களோடு ஒட்டிக்கொண்டு கரைய மறுக்கின்றன. செல் உயிரோடு இருக்கும்; நிறம் மட்டும் கருவிக்குத் தெரியாது. 2006இல் ஜெர்மனியின் கார்ல்ஸ்ரூ விஞ்ஞானிகள் இதைக் காட்டினார்கள். எம்.டி.டி. சோதனையில் சுமார் 50 சதவீத செல்கள் இறந்ததாகத் தெரிந்தது. நீரில் கரையும் சாயம் தரும் இன்னொரு சோதனையில் நச்சுத்தன்மையே தென்படவில்லை.

இதற்கு நேரெதிரான ஆபத்தும் உண்டு. கிராஃபீன் போன்ற சில பொருள்கள் செல்லின் உதவியின்றித் தாமே மஞ்சளை ஊதாவாக்கிவிடும். செத்த செல்லும் உயிரோடு இருப்பதாகக் கணக்கில் ஏறும். அதனால்தான் செல்லே இல்லாத கலவையையும் சோதிக்க வேண்டும், வேறு முறையிலும் சரிபார்க்க வேண்டும் என்கிறார்கள்.

"அப்படியானால் நானோகுழாய் பாதுகாப்பானதா?" என்று கேட்டேன். "அதையும் எழுதிடாதீங்க சார்" என்று சிரித்தார். நீண்ட, விறைப்பான குழாய்கள் எலிகளின் வயிற்றறையில் ஆஸ்பெஸ்டாஸ் இழைகளைப் போலவே அழற்சியை உண்டாக்கியது 2008இல் வெளியான ஆய்வில் தெரியவந்தது.

திருத்தம் போட வேண்டும் என்று ஆசிரியரிடம் சொன்னேன். "ஒரு வார்த்தைக்காகவா?" என்றார். தமிழ் முதுகலையில் வினைமுற்றையும் எழுவாயையும் இரண்டு ஆண்டு படித்தவன் நான். 'காட்டியது' என்பதன் எழுவாய் சோதனை. 'கொன்றன' என்பதன் எழுவாய் நானோகுழாய். ஒரு சொல்லை வெட்டியபோது குற்றவாளியையே மாற்றியிருந்தேன்.

அடுத்த இதழில் இரண்டு வரித் திருத்தம் வந்தது. இப்போதெல்லாம் எவ்வளவு இடநெருக்கடி இருந்தாலும் அந்த 'காட்டியது' மேல் என் பேனா போவதில்லை.