ஒரு ரிவால்வர், ரெண்டு உருளை

அமெரிக்காவுல இருக்குற மாப்ள வீடியோ கால்ல அவன் ரிவால்வரைக் காட்டுனான்.
ரூகர் பிளாக்ஹாக் கன்வர்ட்டிபிள்.

தோட்டா இல்லன்னு ஒவ்வொரு அறையா பாத்துட்டு, உருளைய மாட்டியிருக்குற கம்பியை முன்பக்கமா உருவுனான். உருளை கையோட வந்துருச்சு. அடுத்ததை மாட்டுனான்.
.357 மேக்னம் சுட்டது இப்ப 9 எம்எம் சுடும்!
ரெண்டுக்கும் குண்டோட குறுக்களவு கிட்டத்தட்ட ஒண்ணு. அதனால குழல மாத்த வேண்டாம்.
"பழகுறதுக்கு 9 எம்எம் மாமா, விலை கம்மி"ன்னான்.

அருமையான வேலைப்பாடு!

இங்க இந்தியாவுல 9 எம்எம் நமக்குத் தடை.
ஆயுதச் சட்டத்துல 2019ல வந்த திருத்தத்துக்கு அப்புறம் ஒருத்தருக்கு 2 துப்பாக்கிதான்.
தேர்தல் வந்தா பெரும்பாலும் அதையும் ஸ்டேஷன்ல ஒப்படைக்கச் சொல்லுவாங்க.
இந்தக் கட்டுப்பாடு வேணும். அதுல எனக்கு மாத்துக்கருத்தே இல்ல.

ஆனா கோவில்பட்டி சுத்துவட்டாரத்துல மக்காச்சோளம் போட்டுட்டு, துப்பாக்கியும் இல்லாம நிக்கிற சம்சாரியை நினைச்சா மனசு ஆறல.
கதிர் பால் பிடிக்கும்போது காட்டுப்பன்னி இறங்குது. தின்னதைவிட சாய்ச்சதுதான் அதிகம்.
காப்புக்காட்டுல இருந்து 3 கிலோமீட்டர் தாண்டி வந்தா வனத்துறையே சுடும்னு 2025ல தமிழ்நாடு அரசு சொல்லுச்சு.

உங்க ஊர்ப் புஞ்சைக்குச் சுட யாராவது வந்தாங்களா மக்கா?