சுகமான பின்பும் சொல்ல வேண்டியவை



ஒரு மாலையில் வீட்டு ஜெபத்திற்காக நைனார்பாளையத்தில் ஒரு தாயாரின் இல்லத்திற்குச் சென்றிருந்தேன். அவர் மார்பகப் புற்றுநோயிலிருந்து மீண்டவர். அறுவைசிகிச்சையும் கதிர்வீச்சுச் சிகிச்சையும் முடிந்து ஏழு ஆண்டுகள் ஆகியிருந்தன. தாம் பெற்ற சுகத்தைக் குறித்து ஆலயத்தில் சாட்சி கூறியவரும் அவரே. ஜெபம் முடிந்ததும் தாழ்ந்த குரலில், “ஐயா, கொஞ்ச நாளாக நெஞ்சு திடீரென்று படபடவென்று அடிக்கிறது, நடுவில் ஒரு துடிப்பு தவறுவதுபோலவும் இருக்கிறது” என்றார். “பழைய நோயைப் பற்றிய பயம்தான் அம்மா. கவலையை விட்டு ஜெபியுங்கள்” என்று கூறித் திரும்பினேன். ஆறுதல் என்று நான் எண்ணிய சொல் அவருடைய வாயை அடைத்துவிட்டது.

இரண்டு மாதங்களுக்குப் பின், களத்தில் மக்காச்சோளம் காயவைத்துக்கொண்டிருந்தபோது தலை சுற்றி உட்கார்ந்துவிட்டார். கள்ளக்குறிச்சிக்கு அழைத்துச் சென்றோம். இ.சி.ஜி. எடுத்துப் பார்த்த மருத்துவர், இருதயத்தின் மேலறைகள் ஒழுங்காகச் சுருங்கி விரியாமல் நடுங்குகின்றன என்றும், அங்கே தேங்கும் இரத்தம் உறைந்து மூளைக்குச் சென்றால் பக்கவாதம் வரக்கூடும் என்றும் விளக்கினார். ‘ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன்’ என்பது அதன் பெயர்.

“முன்பு பெரிய நோய் ஏதாவது வந்திருந்ததா?” என்று மருத்துவர் கேட்டபோது, அந்தத் தாயார் என் முகத்தைப் பார்த்து மௌனமாயிருந்தார். பின்பே, இடது மார்பில் இருபத்தைந்து நாட்கள் கதிர்வீச்சு பெற்றதைச் சொன்னார். வீடு திரும்பும் வழியில் மௌனத்தின் காரணம் வெளிப்பட்டது. “சுகமானேன் என்று எல்லார் முன்பாகவும் சாட்சி சொன்னேனே ஐயா. மறுபடியும் நெஞ்சில் கோளாறு என்றால் அது பொய்யாகிவிடாதா?”

அந்தக் கேள்வி என்னை உறங்கவிடவில்லை.

அறுவைசிகிச்சைக்குப் பின் எஞ்சியிருக்கக்கூடிய புற்றணுக்களை அழித்து, நோய் திரும்பிவராமல் காப்பதே கதிர்வீச்சின் பணி. எண்ணற்ற தாய்மார் அதனால் வாழ்கிறார்கள். ஆயினும் இடது மார்பின் பின்னாலேயே இருதயம் இருக்கிறது. அதன்மேல் படும் கதிர், தசையிலும் வால்வுகளிலும் துடிப்பை நடத்தும் மின்பாதையிலும் ஆண்டுகள் கழித்துத் தழும்பை உண்டாக்கக்கூடும். திருக்கோவிலூரில் மருத்துவமனை நிறுவிய மிஷனெரிகளின் தாய்நாடான டென்மார்க்கிலும், சுவீடனிலும் 1958 முதல் 2001 வரை கதிர்வீச்சு பெற்ற பெண்களை ஆராய்ந்து, 2013-இல் முடிவுகளை வெளியிட்டார்கள். இருதயத்தில் பட்ட கதிரின் அளவு கூடக்கூட, மாரடைப்பு போன்றவற்றின் அபாயமும் கூடியது. அந்த அபாயம் இருபது ஆண்டுகளுக்குப் பின்னும் நீடித்தது. இன்று பல மருத்துவமனைகளில், மூச்சை ஆழமாக இழுத்து நிறுத்தச் சொல்லி, இருதயம் மார்புச் சுவரிலிருந்து விலகியிருக்கும் நேரத்தில் கதிரைச் செலுத்துகிறார்கள்.

இந்தத் தாயாருக்குக் கதிர்வீச்சு மட்டுமே காரணம் என்று மருத்துவர் சொல்லவில்லை. வயதும் இரத்த அழுத்தமும்கூடக் காரணமாகலாம் என்றார். ஆனால் பழைய சிகிச்சையை அறிந்ததனால், எக்கோ பரிசோதனையில் வால்வுகளையும் கவனமாகப் பார்த்தார். இரத்தம் உறையாதிருக்கவும் துடிப்பின் வேகம் தணியவும் மருந்துகள் தந்தார்.

மாற்கு சுவிசேஷத்தின் ஐந்தாம் அதிகாரத்தில், பன்னிரண்டு வருடம் இரத்தப்போக்கினால் வாடிய பெண்ணை நாம் அறிவோம். இயேசுவின் வஸ்திரத்தைத் தொட்டவுடனே அவள் சுகமானாள். ஆயினும் ஆண்டவர் அவளை அப்படியே போகவிடவில்லை. கூட்டத்தின் நடுவே நின்று, தொட்டது யார் என்று கேட்டார். அவள் நடுக்கத்தோடு வந்து, ஒன்றையும் மறைக்காமல் அனைத்தையும் கூறினாள். அவர் பொறுமையோடு கேட்டார். சுகம் முந்தியது, சொல்லுதல் பிந்தியது. சுகமான பின்பும் சொல்ல வேண்டியவை இருந்தன. அவள் சொன்னது அவள் பெற்ற சுகத்தைக் குறைத்துவிடவில்லை. ஆண்டவர் நின்று கேட்டார். நானோ கேட்காமல் பதில் சொன்னேன். அந்தத் தாயாரிடம் மன்னிப்புக் கேட்டேன்.

பிரியமானவர்களே, புற்றுநோய்க்குச் சிகிச்சை பெற்றவர்கள் உங்கள் வீட்டில் இருந்தால், அந்த மருத்துவச் சீட்டுகளைப் பத்திரமாக வையுங்கள். எத்தனை ஆண்டுகள் சென்றாலும், எந்த மருத்துவரைப் பார்த்தாலும், அதை முதலில் சொல்லுங்கள். படபடப்பு, மூச்சுத்திணறல், தலைச்சுற்றல், கால்வீக்கம் ஆகியவற்றைப் பயம் என்று தள்ளிவிடாதீர்கள். இதைக் கேட்டு அஞ்சிக் கதிர்வீச்சை மறுத்துவிடவும் வேண்டாம்.

கடந்த ஞாயிற்றுக்கிழமை அந்தத் தாயார் மறுபடியும் சாட்சி கூறினார். மாத்திரைகளின் பெயரையும் சேர்த்தே சொன்னார். முந்தைய சாட்சியைக் காட்டிலும் அது என் உள்ளத்தைத் தொட்டது.

பிறர் சொல்வதை நின்று கேட்கும் செவியைக் கர்த்தர் நமக்குத் தந்தருள்வாராக. ஆமென்.