முத்திரை விழுந்தால் போதுமா?



இந்தப் பதிவு கொஞ்சம் நீளம். ஆனாலும் பொறுமையாகப் படியுங்கள். நான் செய்த ஒரு தவறைச் சொல்லப்போகிறேன்.

நம்ம திருச்சுழி ரமண மகரிஷி பிறந்த ஊர் என்பது எல்லோருக்கும் தெரியும். அவருடைய அப்பா சுந்தரம் அய்யர், சிறு வயதில் கணக்கரிடம் மாதம் 2 ரூபாய் சம்பளத்துக்கு எழுத்து வேலை பார்த்தவர். பிறகு ஊராருக்கு மனு எழுதிக் கொடுத்தார். அதற்கப்புறம் சட்டம் படிக்காமலே இங்கே வழக்காட அனுமதி பெற்றார். எழுதத் தெரிந்த ஆளை நம்பிக் காகிதத்தை நீட்டுவது நம் ஊரில் அந்தக் காலத்திலிருந்தே உள்ள பழக்கம். ஆசிரியர் பயிற்சி முடித்துத் தொடக்கப்பள்ளிக்கு வந்த எனக்கும் அந்த நம்பிக்கை சும்மாவே கிடைத்தது. "சார், பச்சை மையில ஒரு கையெழுத்து" என்று வருவார்கள். எனக்கு அந்த அதிகாரம் இல்லையப்பா என்று சொல்லி அனுப்புவேன். சாட்சிக் கையெழுத்துக் கேட்டால் மட்டும் மறுத்ததில்லை.

2008ஆம் வருஷம். என்னிடம் படித்த ஒரு மாணவியின் அம்மா, மல்லிக் காட்டிலும் பருத்திக் காட்டிலும் கூலிக்குப் போய்ச் சேர்த்த பணத்தில் 3 சென்ட் இடம் பேசினார். ஒரு வீடு கட்டிவிட வேண்டும் என்பதுதான் அவருடைய ஆசை. பதிவுச் செலவுக்குக் கையில் பணம் இல்லை. 20 ரூபாய் முத்திரைத்தாளில் எழுதி, அருப்புக்கோட்டையில் ஒரு நோட்டரி வக்கீலிடம் போனோம். விற்றவர் கையெழுத்துப் போட்டார். நான் சாட்சி. வக்கீல் முத்திரையை அழுத்திவிட்டு, "இத வச்சு இடம் உங்களுதாகாது, சீக்கிரம் ரிஜிஸ்டர் பண்ணிக்கங்க" என்று சொன்னார். அவர் சரியாகத்தான் சொன்னார். நான்தான் காதில் வாங்கவில்லை. வெளியே வந்ததும் அந்த அம்மாவிடம், "நோட்டரி போட்டாச்சும்மா, இனிமே கவலை இல்ல" என்றேன்.

நாலு வருஷத்தில் விற்றவர் இறந்துபோனார். அவருடைய மகன்கள் அதே இடத்தை வேறொருவருக்கு முறையாகப் பதிவு செய்து விற்றுவிட்டார்கள். வில்லங்கச் சான்று போட்டுப் பார்த்தால் எங்கள் தாளைப் பற்றி அதில் ஒரு வரிகூட இல்லை. எப்படி இருக்கும்? பதிவான பத்திரம்தானே அதில் வரும். பஞ்சாயத்துப் பேசி, கொடுத்த பணத்தில் பாதிதான் திரும்பக் கிடைத்தது. அந்த அம்மா வாடகை வீட்டிலேயே காலமானார். துக்கத்துக்குப் போனபோது அந்த மாணவி கோபமில்லாமல்தான் சொன்னாள்: "உங்க கையெழுத்து இருக்குன்னுதான் சார் அம்மா தைரியமா பணத்தக் கொடுத்துச்சு."

அதன்பிறகுதான் நான் இந்த விஷயத்தைப் படித்தேன். விவரம் தெரிந்தவர்களிடமும் கேட்டுத் தெரிந்துகொண்டேன். முன்பே செய்திருக்க வேண்டும். நீங்களாவது தெரிந்துகொள்ளுங்கள்.

நோட்டரி என்பவர் 1952ஆம் ஆண்டுச் சட்டப்படி மத்திய அரசோ மாநில அரசோ நியமிக்கும் அனுபவமுள்ள வக்கீல். கையெழுத்துப் போட்டவர் இன்னார்தான், என் முன்னால்தான் போட்டார் என்பதற்கு அவர் சாட்சி. காகிதத்தில் எழுதியிருப்பது உண்மை என்பதற்கோ, விற்பவருக்கு அந்த இடம் சொந்தம் என்பதற்கோ அவர் பொறுப்பல்ல. எனக்குப் புரியாமல் போனது இந்த ஒன்றுதான்.

100 ரூபாயும் அதற்கு மேலும் மதிப்புள்ள வீடு, நிலம் எதை விற்றாலும் சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிவு செய்தால்தான் செல்லும். தானமாகக் கொடுத்தாலும் அப்படியே. நிலம் சம்பந்தமான பவர் பத்திரமும் நம் மாநிலத்தில் பதிவாக வேண்டும். எத்தனை நோட்டரி முத்திரை குத்தினாலும் அது பதிவுக்கு ஈடாகாது.

உயிலுக்கு நோட்டரி கட்டாயமில்லை. இரண்டு சாட்சிகள் கையெழுத்துப் போட்டிருக்க வேண்டும். அதுதான் முக்கியம். நோட்டரியிடம் எழுதிக்கொள்ளும் கல்யாணமும் விவாகரத்தும் செல்லாது. அப்படிச் செய்து கொடுக்கக் கூடாது என்று 2024இல் மத்திய சட்ட அமைச்சகமே நோட்டரிகளுக்குச் சொல்லிவிட்டது. பிள்ளைகளே, இதை நன்றாக மனதில் வையுங்கள்.

சரி, நோட்டரியிடம் போக வேண்டிய வேலைதான் என்றால்:

முதலில், கேட்கும் அலுவலகத்தில் விசாரியுங்கள். பல இடங்களில் நகலில் நாமே கையெழுத்துப் போட்டால் போதும். வீண் செலவு வேண்டாம்.

நேரில் போங்கள். வீட்டிலேயே கையெழுத்துப் போட்டு ஆள்வசம் கொடுத்து அனுப்பாதீர்கள். அசல் அடையாள அட்டை கையில் இருக்கட்டும். நகலுக்குச் சான்று வாங்குவதென்றால் அசலும் வேண்டும்.

ஒரு வரி விடாமல் படியுங்கள். வெற்றிடம் இருந்தால் கோடு போட்டு அடைத்துவிடுங்கள். எல்லாப் பக்கத்திலும் கையெழுத்து இருக்கட்டும். பிரமாண வாக்குமூலத்தில் பொய் சொன்னால் தண்டனை உண்டு. எழுதிக் கொடுத்தவர் தப்பித்துக்கொள்வார், கையெழுத்துப் போட்டவர்தான் மாட்டுவார்.

முத்திரையில் நோட்டரியின் பெயர், அவருக்குரிய பகுதி எல்லாம் தெளிவாக இருக்கிறதா பாருங்கள். அவருடைய உரிமம் 5 ஆண்டுக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டியது. அது நடப்பில் இருக்கிறதா என்று கேட்பதில் தப்பில்லை. அவர் ஒரு பதிவேடு வைத்திருப்பார். அதிலும் கையெழுத்துப் போட்டு, வரிசை எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். நாளைக்கு ஒரு பிரச்சினை வந்தால் அந்த எண்தான் பேசும். கட்டணத்துக்கு ரசீது கேட்டு வாங்குங்கள்.

சிங்கப்பூர், துபாயில் இருக்கும் பிள்ளைகளுக்கு ஒன்று. அங்கிருந்து பவர் பத்திரம் அனுப்புவதென்றால் இந்தியத் தூதரகத்தில் கையெழுத்துப் போட்டு அனுப்புங்கள். இங்கே வந்து சேர்ந்த 3 மாதத்துக்குள் முத்திரைத் தீர்வை கட்டிவிட வேண்டும். அம்மா அப்பாவிடம் இதை மறக்காமல் சொல்லிவிடுங்கள்.

போன வாரம் அதே மாணவி போன் செய்தாள். இப்போது திருப்பூரில் இருக்கிறாள். அருப்புக்கோட்டை பக்கம் ஒரு இடம் பார்த்திருக்கிறாளாம். "பத்திர நகலை அனுப்புறேன் சார், ஒருதரம் படிச்சுப் பார்த்துச் சொல்லுங்க" என்றாள்.

எனக்குக் கொஞ்ச நேரம் பேச்சே வரவில்லை. பிறகு சொன்னேன்: "அனுப்பும்மா, படிக்கிறேன். ஆனா நான் சொன்னேன்னு வாங்காத. முதல்ல வில்லங்கம் போட்டுப் பாரு. ஒரு நல்ல வக்கீலையும் பாரு. பதிவு அன்னிக்கு நானும் வாரேன்."

இந்தத் தடவை சாட்சிக் கையெழுத்தைச் சார்பதிவாளர் அலுவலகத்தில்தான் போடுவேன்.

படித்தவர்கள் உங்கள் வீட்டுப் பெரியவர்களுக்கும் வாசித்துக் காட்டுங்கள்.

என்றும் அன்புடன்,
உங்கள் சார்
திருச்சுழி