50 ராத்திரி

பிளேஸ்மென்ட் ஆயிடுச்சா? கோர் கம்பெனின்னா வாரக்கணக்குல வெளியூர் சைட்ல தங்க வேண்டி வரும். இப்பவே இதைத் தெரிஞ்சு வெச்சுக்கோங்க.

பில்லைக் கம்பெனி கட்டினாலும், பாயின்ட்ஸ் பொதுவா தங்குறவங்க கணக்குலதான் சேரும். மேரியட் பான்வாயையே எடுத்துக்குவோம். சேர காசு கிடையாது. கோர்ட்யார்டுல டாலருக்கு 10 பாயின்ட். நீண்ட நாள் தங்கறவங்களுக்குன்னே இருக்கிற ரெசிடென்ஸ் இன்ல 5தான். வேற ட்ராவல் ஆப்ல புக் பண்ணினா பெரும்பாலும் ஒண்ணும் வராது. 24 மாசம் கணக்கைத் தொடலேன்னா சேர்த்ததும் போயிடும்.

எங்க அக்கா கமிஷனிங் இன்ஜினியர். புனே பக்கம் சாக்கன்ல வேலைன்னா ஒரே செயின்லதான் தங்குவா. ஆனா ரேட் கம்பெனி லிமிட்டுக்குள்ள இருக்கணும், பிளான்ட் பக்கத்துல இருக்கணும், பாயின்ட்ஸ் அதுக்கப்புறம்தான். அதுக்காக தினமும் டிராஃபிக்ல ஒரு மணி நேரம் உட்கார்றது நஷ்டம்.

பிளாட்டினம் ஆக ஒரு வருஷத்துல 50 ராத்திரி வேணும். அக்கா அதைப் பெருமையா சொன்னப்போ அம்மா கேட்டாங்க: "அப்போ அம்பது நாள் நீ வீட்ல சாப்பிடலையாடி?"

அதனால பாயின்ட்ஸைச் சேர்த்துக்கிட்டே இருக்காதீங்க. பாயின்ட்ஸ்ல தொடர்ந்து 5 ராத்திரி எடுத்தா 4க்குத்தான் கழிப்பாங்க. அம்மா, அப்பாவைக் கூட்டிட்டுப் போங்க. அது அவங்களுக்கும் சேர வேண்டியதுதான்.