'பரவால்ல' என்றால் திருப்தி என்று அர்த்தமில்லை



எங்கள் பக்கத்தில் பட்டாசுத் தொழிற்சாலையை யாரும் அப்படிச் சொல்வதில்லை. 'பயர் ஆபீஸ்' என்பார்கள். "ஆபீஸுக்குப் போறேன்" என்று தூக்குவாளியோடு வேன் ஏறுவார்கள். அப்படிப் போய் முகம் வெந்து திரும்பிய ஓர் அக்காவிடம் நாங்கள் செய்த தவறைப் பற்றியது இந்தப் பதிவு.

சமூகவியல் முதுகலை படித்தபோது, முக அறுவைச் சிகிச்சைக்குப் பிறகு நோயாளிகளுக்கு எவ்வளவு திருப்தி என்பதை ஆய்வுத் தலைப்பாக எடுத்தோம். உலக அளவில் இதற்கு 'ஃபேஸ்-க்யூ' என்றொரு கேள்வித்தாள் தொகுப்பு பிரபலம். மூக்கைச் சீர்செய்ய, முகச் சுருக்கம் நீக்க என்று அழகு சிகிச்சைக்கு வருகிறவர்களுக்காக உருவானது. போட்டோவில் முகம் எப்படி, தூங்கி எழுந்ததும் எப்படி என்று கேட்டு, 1 முதல் 4 வரை எண் போடச் சொல்லும். அதைப் பார்த்துத் தமிழில் ஒரு தாள் தயாரித்துக்கொண்டு வெம்பக்கோட்டைப் பக்கம் நம் சனங்கள் குடியிருக்கும் ஒரு தெருவுக்குப் போனோம்.

அக்காவுக்குக் கீழ் இமை இழுத்துக்கொண்டு, கழுத்துத் தோல் சுருங்கியிருந்தது. தொடைத் தோலை எடுத்து வைத்து இரண்டு முறை ஆபரேஷன் நடந்திருந்தது.

"போட்டோல உங்க முகம் எப்படித் தெரியுதுக்கா?"

"ரேஷன் கார்டுல இருக்கதுதான் போட்டோ. அது பழைய மூஞ்சி."

"காலைல கண்ணாடி பாக்கும்போது?"

"கண்ணாடிய அவுக எடுத்து ஒளிச்சு வச்சுட்டாக."

"மொத்தத்துல திருப்தியாக்கா?"

"பரவால்ல தம்பி. கண்ண மூட முடியுது, சோறு திங்க முடியுது. வேற என்ன வேணும்?"

நாங்கள் 3-ஐ வட்டமிட்டோம். 'ஓரளவு திருப்தி.'

கிளம்பும்போது அக்கா இன்னொன்றும் சொன்னார். "முன்ன பஸ்சுல ஊர்க்காரவுகதான் எம் பக்கத்துல உக்கார யோசிப்பாக. இப்ப நம்மாளுகளும் யோசிக்காக." இதை எழுத எங்கள் தாளில் கட்டம் இல்லை.

அழகு சிகிச்சைக்குப் போகிறவர் தான் விரும்பிய முகத்தோடு தன் முகத்தை ஒப்பிடுகிறார். அக்கா தன் முகத்தைச் சாவோடு ஒப்பிட்டார். காலங்காலமாக மறுக்கப்பட்டவர்கள், கிடைக்கக்கூடியதற்கு ஏற்பத் தங்கள் ஆசையையே சுருக்கிக்கொள்வார்கள். அவர்கள் சொல்லும் நிறைவை வைத்து நீதியை அளக்கக் கூடாது என்று அமர்த்தியா சென் எழுதியிருக்கிறார். வகுப்பில் படித்ததுதான். களத்தில் மறந்துவிட்டோம்.

இதைவிடப் பெரிய தவறு வேறு. அன்று நடப்பிலிருந்த ஊழியர் இழப்பீட்டுச் சட்டம், 1923-இன் முதல் அட்டவணையைப் பாருங்கள். இரண்டு கையும் போனால் 100 சதவீத இழப்பு. அதே பட்டியலில் 'மிகக் கடுமையான முகச் சிதைவு', அதற்கும் 100 சதவீதம். அன்றைய இ.எஸ்.ஐ. சட்டத்தின் இரண்டாம் அட்டவணையிலும் இதே வரி இருந்தது. அண்ணல் அம்பேத்கர் தொழிலாளர் துறை உறுப்பினராக இருந்தபோது, 1944-ல் வந்த அதார்க்கர் அறிக்கையின் வழியில் 1948-ல் பிறந்த சட்டம் அது. முகமும் உழைப்புக்கு வேண்டும் என்று சட்டம் ஒப்புக்கொண்டிருக்கிறது. நாங்களோ 4-க்கு 3 போட்டுவிட்டு வந்தோம்.

அக்காவிடம் ஆபீஸ்காரர்கள் ஏதோ தாளில் கையெழுத்து வாங்கிக்கொண்டு கொஞ்சம் பணம் கொடுத்திருந்தார்கள். ஆஸ்பத்திரிச் சீட்டில் 'தீக்காயம்' என்று மட்டும் இருந்தது. நாங்கள் எதையும் வாங்கிப் பார்க்கவில்லை. இழப்பீட்டு ஆணையரிடம் மனுப் போட அன்று 2 ஆண்டு கெடு இருந்தது. சட்டம் எங்களுக்குத் தெரிய வந்தபோது ஆய்வேட்டுக்கு மதிப்பெண்ணே வாங்கிவிட்டோம். அக்காவுக்குக் கெடு தாண்டிவிட்டது. தகுந்த காரணம் காட்டினால் தாமதத்தை ஏற்க வழியுண்டு என்று ஓடிப்போய்ச் சொன்னோம். "இனி எதுக்கு தம்பி, பரவால்ல" என்றார்.

2012 செப்டம்பர் 5 முதலிப்பட்டி: சுமார் 40 பேர். 2021 பிப்ரவரி 12 அச்சங்குளம்: 20 பேருக்கு மேல். செத்தவர்களையாவது எண்ணுகிறார்கள். முகம் வெந்து உயிரோடு இருப்பவர்கள் 'காயம்' என்ற ஒற்றைச் சொல்லில் அடங்கிப் போகிறார்கள். 2016 மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் ஆசிட் வீச்சில் முகம் சிதைந்தவர்களைப் பட்டியலில் சேர்த்தது, நல்லது. வெடிமருந்தில் வெந்த முகத்துக்கு அதில் தனி இடம் இல்லை.

களத்துக்குப் போகும் தம்பி, தங்கைகளே, கேள்வித்தாளை நீட்டும் முன் மருத்துவச் சீட்டை வாங்கிப் படியுங்கள். முகச் சிதைவு என்று எழுதியிருக்கிறதா, எந்த அளவு என்று பாருங்கள். இல்லையென்றால் மருத்துவரிடம் கேட்டு எழுதி வாங்குங்கள். இ.எஸ்.ஐ. எண் இருக்கிறதா, எந்தத் தாளிலாவது கையெழுத்துப் போட்டார்களா, மனுவுக்கு இன்னும் எத்தனை நாள் இருக்கிறது என்று விசாரியுங்கள். திருப்தியா என்று அதற்குப் பிறகு கேளுங்கள். 'பரவால்ல' என்று பதில் வந்தால் எண்ணாக மாற்றாமல், அந்தச் சொல்லை அப்படியே எழுதி வையுங்கள்.

ஜெய்பீம்.